ஒருவர்க்குச் சமையலும் மின்சாரக் கிரில்லும்

ஓர் ஆளுக்கு உலை வைப்பது ஐந்து பேருக்கு உலை வைப்பதினும் அரிது என்பது அதனைச் செய்து பாராதார்க்கு எளிதில் விளங்காது. அரிசியைக் குறைக்கலாம், பாத்திரம் கழுவும் வேலையைக் குறைக்க முடியாது. உடைத்த தேங்காயில் ஒரு மூடி எஞ்சும். வைத்த குழம்பு மறுநாளும் அதற்கடுத்த நாளும் இலைக்கு வரும். இதனால் தனித்து வாழ்வோர் பலர் முதலிற் குழம்பைக் கைவிடுவர். பின்னர்க் கறியைக் கைவிடுவர். ஈற்றில் இராவுணவையே விட்டு, ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கத்துமாகப் படுக்கச் செல்வர். மேசைமேல் வைத்துப் புழங்கும் சிறிய மின்சாரக் கிரில் இத்தகையோர்க்குத் தகுமா என்னும் வினா பார்வைக்கு அற்பமானதே. ஆயினும் அதன் பின்னே நிற்பது இவ்விராவுணவாதலின், அதனை ஆராய்தல் வீண்வேலையன்று என்று யாம் கருதுகின்றோம்.

தென்காசியை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 22ஆம் நாள் திருநெல்வேலியினின்றும் பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரான இவ்வூருக்கு உத்தியோகம் பற்றி வந்து, ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கும் இளைஞர் ஒரு சாரார். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, பலர் வாழ்ந்த வீட்டில் தாம் ஒருவரே எஞ்சிய முதியோர் மற்றொரு சாரார். நம் கல்லூரியின் பழைய மாணவருள் இரு சாராரும் உளர். வினா ஒன்றேயாயினும் விடை இவ்விருவர்க்கும் ஒன்றன்று என்பதே எம் துணிபு.

கிரில் என்பது இரண்டு உலோகத் தகடுகள் கீலால் இணைந்து, புத்தகம் போல் மூடித் திறக்கும் ஒரு பெட்டி. இரு தகட்டிலும் மின்சாரம் சூடேற்ற, இடையில் வைத்த பண்டம் மேலும் கீழும் ஒருங்கே வேகும். ரொட்டித் துண்டுகளுக்கிடையே உருளைக்கிழங்கை வைத்துச் சுடும் சாண்ட்விச் பெட்டியைக் கண்டவர் இதனையும் கண்டவரே. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் போர்மன் பெயரைத் தாங்கி 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கிரில், உலகெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்றதென்பர். கொழுப்பு வழிந்து கீழிறங்குமாறு தகட்டைச் சாய்த்து அமைத்ததே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. கொழுப்பு மிக்க இறைச்சியை நாடோறும் உண்பார்க்கு அச்சாய்வு நல்லதே. நம் கத்தரிக்காயினின்றும் வழிந்தோடுதற்குக் கொழுப்பு ஏது?

சுட்டுண்ணல் நமக்குப் புதிதன்று. இரும்புக் கோலிற் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநராற்றுப்படை பாடுகின்றது. சுடுதல், வாட்டுதல், வறுத்தல், வதக்குதல், பொரித்தல், அவித்தல் என நெருப்பின் தொழிலை இத்துணை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் நம் மொழியில், கிரில்லின் தொழில் சுடுதலுக்கும் வாட்டுதலுக்கும் இடைப்பட்டது எனலாம். அவித்தல் அதனால் ஆகாது. சோறு, இட்லி, ரசம் ஒன்றும் ஆகா. எனவே ஒரே ஓர் அடுப்பை வாங்க வந்தவர் இதனை வாங்குதல் பெருந்தவறு.

இளைஞர்க்கு இதனை யாம் பரிந்துரையாததற்குக் காரணம் இதுவொன்றே அன்று. அவரிடம் ஓர் அடுப்பும் ஓர் இரும்புத் தோசைக்கல்லும் இருந்தால், கிரில் செய்யும் வேலையில் பெரும்பகுதியை அக்கல்லே செய்துவிடும். அது தோசை வார்க்கும், முட்டை பொரிக்கும், மீன் சுடும். பழகப் பழக நன்றாகும். பழுது பார்ப்பாரைத் தேடவேண்டுவதில்லை. திருப்பிப் போடும் சிரமம் ஒன்றுதான் மிகை. அது இளங்கைக்கு ஒரு பொருளன்று. மேலும், இரவு எட்டு மணிக்குப் பசித்த இளைஞரைச் செங்கோட்டைச் சாலையிலுள்ள பிரானூர் எல்லையின் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் அழைக்கும்போது, அவ்வழைப்பை ஒரு கிரில் வெல்லும் என்று யாம் நம்பவில்லை. மரக்கறி உண்ணும் வீட்டுக்காரரின் மாடியறையில் மீன் சுடுவோர்க்கு நேரும் இடையூறுகளை விரிக்கவும் வேண்டா. விடுதி மாணவரோ, அறையில் மின்னடுப்பு வைக்கலாமா என்று விடுதித் தலைவரைக் கேட்டுவிட்டு இக்கட்டுரையைத் தொடர்க.

முதியோர் செய்தி வேறு. கைந்நடுக்கமும் மறதியும் தொடங்கிய வயதில், அஞ்சத்தக்கவை அணைக்க மறந்த அடுப்பும் அதன்மேற் படரும் சேலைத் தலைப்புமே. கிரில்லில் சுடர் இல்லை. மூடி இருத்தலால் எண்ணெய் முகத்தில் தெறிப்பதில்லை. சூடான பண்டத்தைத் திருப்பவேண்டுவதும் இல்லை. இவற்றினும் பெரிதாக யாம் கருதுவது அதன் சிறுமை. இரண்டு கையகலமுள்ள தகட்டில் ஒருவர்க்குரியதற்கு மேல் வைக்க முடியாது. பெரிய வாணலியைக் கண்டதும் பழைய கைப்பழக்கத்தால் நால்வர்க்குக் காய் நறுக்கிவிடும் தாய்மார்க்கு இச்சிறுமையே அளவு கற்பிக்கின்றது.

எமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்க்கு அவர் மகன் இத்தகைய கருவியொன்றை அனுப்பினான். நெடுநாள் அது பெட்டி பிரியாமலே அலமாரியின்மேற் கிடந்தது. பின்னர் ஒருநாள், காலையில் வடித்த சோற்றுக்கு மோர் ஊற்றிக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஏதுமின்றி, ஒரே ஒரு கத்தரிக்காயை வில்லைகளாக அரிந்து உப்பும் நல்லெண்ணெயும் தடவி அதில் வைத்திருக்கிறார். அன்று முதல் அவர்க்குக் கிரில் ஓர் அடுப்பாகாது, தொடுகறிக் கருவியாயிற்று. பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் கத்தரி, வெண்டை, கோவைக்காய், குடைமிளகாய் இவற்றுள் எது கிடைத்தாலும் ஒரு பிடி. மேலே புளியங்குடி எலுமிச்சையில் அரை மூடி பிழிவு. பத்து நிமிஷத்தில் இராவுணவு இலையில் இருக்கும். சோறும் குழம்பும் ஒரு பொழுது சமைத்து இரு பொழுது உண்ணத்தக்கவை. தொடுகறியோ அப்போதைக்கப்போது சுடச்சுட வேண்டுவது. தனியர் முதலில் இழப்பதும் இதனையே. ஆதலின் கிரில்லுக்குரிய இடம் இதுவே என்று யாம் தயங்காது கூறுவோம்.

இனி, கருவியின் ஆற்றலைப் பற்றிச் சிறிது. பண்டம் பொன்னிறமாகிச் சுட்ட மணம் பெறுவது, பிரெஞ்சு அறிஞர் மையார் 1912ஆம் ஆண்டில் விளக்கிய வினையால். அது விரைந்து நிகழ ஏறத்தாழ 140 பாகை வெப்பம் வேண்டும். நீரோ 100 பாகையில் கொதித்து ஆவியாகும். மேலே ஈரம் உள்ளவரை பண்டத்தின் தோல் அதற்கு மேற் சூடேறாது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2260 ஜூல் வெப்பம் செல்லும். 750 வாட் கிரில்லில் துடைக்காத மீன் துண்டை வைத்தால், அதன்மேல் நிற்கும் 20 கிராம் நீரைப் போக்கவே, வெப்பம் முழுதும் அதற்கே சென்றாலும், ஒரு நிமிஷமாகும். மீன் அதற்குள் அவிந்து வெளுத்துவிடும். சிறு கிரில் சுடுவதில்லை, அவிக்கிறது என்று குறைகூறுவோருட் பலர் மீனைத் துணியால் ஒற்றாதவரே. தகடு நன்றாகக் காய்ந்தபின்னரே பண்டத்தை வைக்கவேண்டும். அரைத்த தேங்காய் மசாலாவைப் பூசினால் அது தகட்டில் ஒட்டிக் கருகும். மிளகாய்த்தூளை எண்ணெயிற் குழைத்து மெல்லெனத் தடவுவதே போதும். கோழியாயின் தடித்த துண்டு ஆகாது. நடுப்பகுதி 74 பாகையை எட்டவேண்டுமாதலின் விரலினும் மெல்லிதாக அரிக.

செலவைக் குறித்து அஞ்சுவோர் கணக்கிட்டுப் பார்க்க. 750 வாட் கருவி 12 நிமிஷம் எரிந்தால் 0.15 யூனிட். நாள்தோறும் சமைத்தாலும் இரண்டு மாதத்திற்கு 9 யூனிட்டே. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று 2016ஆம் ஆண்டில் அரசு அறிவித்ததை நினைத்தால், இது மிகச் சிறிய பங்கு. சுவரிலுள்ள சிறிய 6 ஆம்பியர் முளைச்செருகி, 230 வோல்ட்டில் 1380 வாட் வரை தாங்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பைப் போலப் பெரிய செருகி இதற்கு வேண்டுவதில்லை.

குற்றாலச் சாரலை மட்டும் மறத்தலாகாது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, மூடிய அலமாரிக்குள்ளும் புகுந்து உப்பை நீராக்குவது. சுவர் வியர்க்கும் அந்நாட்களில் மின்கசிவு எளிது. மூன்று முளையுள்ள செருகி, உண்மையாகவே மண்ணில் இறங்கிய நிலக்கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஆகிய மூன்றும் இல்லாத பழைய வீட்டில், அவற்றை அமைத்த பின்னரே கிரில் வாங்குக. தந்தைக்கோ தாய்க்கோ இதனை அனுப்பும் பிள்ளைகள் மின்பணியாளர் கூலியையும் சேர்த்து அனுப்புவார்களாக.

கடையில் நோக்கவேண்டுவன பல இல்லை. தகடுகள் தனியே கழன்று வரவேண்டும். கழலாத தகட்டைக் குழாயடியிற் காட்டமுடியாது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அலுத்து, மூன்றாம் வாரம் அதனை மீண்டும் அலமாரியின்மேல் ஏற்றிவிடுவர். தானே நிற்கும் நேரக்கருவி உள்ளது கிடைப்பின் சில நூறு ரூபாய் மிகுதியாயினும் அதனையே கொள்க. இல்லாதது செருகியைப் பிடுங்கும்வரை காய்ந்துகொண்டே இருக்கும். ஒட்டாப் பூச்சை இரும்புக் கரண்டி கீறிவிடுமாதலின், ஒரு மரக்கரண்டியும் உடன் வாங்கவேண்டும். அது குற்றாலத்துக் கடைவீதியிலேயே கிடைக்கும்.