ராத்தாவுக்கும் நீதி வேண்டும்



எமது மதரஸாவில் ஓதும் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, ஒருநாள் கிழிந்த ஏட்டுடன் வந்து நின்றாள். 7 வயதான அவளுடைய தம்பிக்கு ஆட்டிசம். அவன் வரிசையாய் அடுக்கியிருந்த புட்டி மூடிகளை நகர்த்திவிட்டு, அவ்விடத்தில் இவள் ரைஹால் பலகையை வைத்திருக்கிறாள். அவன் அலறினான், ஏட்டைக் கிழித்தான். உம்மாவோ, "அவனுக்குத்தான் தெரியாது, உனக்குமா தெரியாது?" என்று இவளையே கடிந்துகொண்டார்.

"நானும் தம்பியைப் போலவே பிறந்திருக்கலாம், ஹஜ்ரத்!" என்றாள் சிறுமி. அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது.

ஆட்டிசம் பெற்றோரின் வளர்ப்பால் வருவதன்று. மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. அத்தகைய பிள்ளைகளுள் பலருக்கு, அடுக்கிய வரிசை கலைவதும் எதிர்பாராத ஓசையும் தாங்கவொண்ணா வேதனை. ஆகவே, அவனது அலறலைப் பிடிவாதம் என்று எண்ணிவிடலாகாது. அதற்காக, ராத்தாவின் கண்ணீர் பொய்யாகிவிடுமா?

சச்சரவு மூண்டவுடன் விசாரணை வேண்டா. இருவரையும் பிரித்து, குரலைத் தாழ்த்தி, சொற்களைக் குறையுங்கள். அவன் அமைதியடைந்த பின்னரே போதனை. அடித்தலும் கிழித்தலும் கூடாது என்னும் சட்டம் இருவருக்கும் ஒன்றே. கற்பிக்கும் முறைதான் வேறு. அவளுக்குச் சொல்லால் விளக்குங்கள். அவனுக்குப் படங்களைக் காட்டி விளக்குங்கள். அவனுடைய மூடிகளுக்கென ஒரு பாய். அதை அவள் கலைக்கலாகாது. அவளுடைய ஏடுகளுக்கென, அவன் கைக்கு எட்டாத ஓர் அலமாரித் தட்டு.

இஷாவுக்குப் பின் 15 நிமிடமேனும் அவளோடு மட்டும் அமருங்கள். "உன் ஏடு கிழிந்தது அநியாயந்தான்" என்று ஒப்புக்கொள்ளுங்கள். தம்பியைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் அப்பிஞ்சுத் தோளில் ஏற்றாதீர்கள்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர்தம் தந்தையார் அன்பளிப்பு வழங்க முற்பட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் வழங்கினீரா என வினவிய நபி (ஸல்) அவர்கள், இல்லையென அறிந்ததும் அதற்குச் சாட்சியாக நிற்க மறுத்துவிட்டார்கள். நம் பொறுமையும் ஓர் அன்பளிப்பே. அதனை ஒரு பிள்ளைக்கு மட்டுமே வழங்குகிறோமா?

இவற்றை அச்சிறுமியின் பெற்றோரிடம் எடுத்துரைத்தேன். சில வாரங்கள் சென்றபின், "சண்டை நின்றுவிட்டதா?" என்று அவளிடம் வினவினேன்.

"இல்லை, ஹஜ்ரத். ஆனால், இப்போதெல்லாம் என்ன நடந்தது என்று உம்மா என்னையும் கேட்கிறார்."

இல்லந்தோறும் அக்கேள்வி எழட்டும்!