முட்டை நின்ற கோழி

கிராமத்தில் அம்மா வளர்க்கும் கோழிகளில் செம்பெட்டை ஒன்றுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இறகுதிர்த்த பின் அது முட்டையிடவில்லை. மூப்பினால் இடக்காலை இழுத்து நடந்தது. மாலையில் பஞ்சாரத்தண்டை கடைசியாக வந்து சேர்வதும் அதுவே. "அறுத்துப் போட்டுருவமா, நீ என்னய்யா சொல்லுத?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டபோது, புலால் உண்பவனாகிய என்னிடம் பதில் இல்லை.

தொல்காப்பிய மரபியல் 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்குகிறது. அச்சொல் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் கோழியின் பருவங்களுக்குச் சொற்கள் குறைவில்லை: குஞ்சு, விடைக்கோழி, அடைக்கோழி, தாய்க்கோழி. முட்டை நின்ற கோழிக்கென ஒரு தனிச்சொல்லை எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. பருந்துக்கும் கீரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் தப்பி அந்த வயதை எட்டும் கோழிகள் சிலவே என்பது காரணமாக இருக்கலாம்.

என் மகள் கொல்லக் கூடாது என்றாள். அன்றிரவு அவள் தட்டில் ஆம்லெட் இருந்தது. அது நாமக்கல் பக்கத்துப் பண்ணை முட்டையாக இருந்திருக்கலாம். அத்தகைய பண்ணைகளில் ஆண்டுக்கு முந்நூறுக்கு அருகில் முட்டையிடும் கோழி, ஏறத்தாழ 72 முதல் 80 வாரங்களில், சில இடங்களில் இன்னும் சற்றுத் தாமதமாக, இறைச்சிக்குக் கழிக்கப்படுகிறது. அக்கோழியின் முடிவும் நாம் உண்ணும் முட்டையின் விலையில் அடக்கம். மகளைக் குறை சொல்லவில்லை. நாற்பதைக் கடந்த நானும் அதைக் கணக்கிட்டதில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: வைத்துக்கொள்வது, வியாபாரியிடம் விற்பது, அறுத்து உண்பது.

'முட்டை நின்றுவிட்டது, இனி எதற்கு?' என்பது பண்ணையின் கணக்கு. கொல்லைப்புறத்துக்கு அது பொருந்தாது. கொல்லைக்கோழி ஒரு பிடி நொய்யையும் தானே கிளறித் தின்னும் புழு பூச்சியையும் கொண்டு வாழ்ந்துவிடும். அதை வைத்திருப்பதால் யாரும் ஏழையாவதில்லை. தவிர, பயன் தீர்ந்தால் போகட்டும் என்னும் வாதத்தை, எழுபது கடந்து தனியே வசிக்கும் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மூவழிகளில் எளியது விற்பது. கால்களைக் கட்டித் தலைகீழாக மிதிவண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். அதன்பின் நடப்பது நம் கண்ணில் படாது. பெரும்பாலோர் செய்வதும் இதுவே. மூன்றிலும் இழிந்தது இதுதான் என்பது என் கருத்து. வாங்குவோர் இல்லையெனில் விற்போரும் இரார் என்று புலான்மறுத்தலில் வள்ளுவர் வாதிடுவது, கைமாற்றிவிட்டால் பழி நீங்கிவிடும் என்ற நம் சமாதானத்தைத்தான் உடைக்கிறது. அவர் சொன்னபடி ஊனை விட்டவர்களுக்கு முதல் வழி திறந்தே இருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. விடாதவன், தான் வளர்த்த கோழியின் சாவையாவது நேரில் நின்று ஏற்க வேண்டும். கோழி நடக்கவே துன்புறும் நிலையில், விரைந்த சாவு கொடுமையாகாது.

"விக்க வேண்டாம்மா, நான் வாரேன்" என்றேன்.

சென்ற ஞாயிறன்று மாமா அறுத்தார். கால்களைப் பிடித்துக்கொண்டவன் நான். அதன் உடற்சூடு என் கையில் வெகுநேரம் இருந்தது. முதிர்ந்த கோழியின் தசைநார் இறுகியிருக்கும், அவசரத்துக்கு மசியாது. விறகடுப்பில் சிறுதீயில் மூன்று மணி நேரம் வெந்த பிறகே கறி எலும்பைவிட்டுக் கழன்றது. இளங்கோழியில் கிட்டாத அடர்த்தி அந்தச் சாறுக்கு இருந்தது. சுவையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மகள் உண்ணவில்லை, நான் வற்புறுத்தவுமில்லை. அம்மா கறியைத் தொடாமல் ஒரு கிண்ணம் சாறு மட்டும் குடித்தார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அம்பது குஞ்சாவது பொரிச்சிருக்கும்யா" என்றார்.