சொற்பொருளைக் கேட்டறியும் உரிமை

உளவியல் ஆலோசனையில் செவியுறும் சொற்கள் சில, வீடு சேர்வதற்குள் வேறு பொருள் பெற்றுவிடுகின்றன. 'மனச்சோர்வு' என்றதும், தோல் பதனிடும் கூடத்தில் பகல் முழுதும் நின்று வந்த அலுப்பென்றே ஆம்பூரில் பலர் கொள்வர், ஓய்வெடுத்தால் தீருமென்பர். அதுவோ வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் வாழும் விருப்பத்தையும் குலைக்கும் நோய்.

'மனச்சிதைவு' என்னும் சொல் இன்னும் கொடியது. மகனின் மனம் உடைந்துவிட்டது, இனி ஒட்டாது என்று தாய் அஞ்சுகிறாள். (ஓருடலில் இருவர் எனத் திரைப்படங்கள் காட்டுவது வேறொன்று.) இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமற்ற ஐயம் வேரூன்றுவதும் இந்நோயின் அறிகுறிகள், சிகிச்சையால் பலர் தேறுகின்றனர். மனம் பிளவுண்ட நோய் எனப் பொருள்பட்ட பழைய பெயரை ஜப்பானியர் 2002-இல் மாற்றினர். தமிழிலும் மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை கேட்டறிவதே வழி. வேலூர்ப் பாகாயத்து மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குவது நெடுநாள் வழக்கம். உடனிருப்போருக்கும் சொற்பொருள் தெரிய வேண்டுமல்லவா? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் தமக்கு விளங்கும் மொழியில் அறியும் உரிமையை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் அளிக்கிறது. வீட்டில் உருது பேசுவோர் உருதுவிலேயே விளக்கம் கோரலாம். 'மறுப்பு' என்று ஆலோசகர் குறித்தால், பொய்யுரைப்பதாகக் குற்றஞ்சாட்டுகிறார் எனச் சினவாதீர்கள். தாங்கவியலா உண்மையை மனம் தள்ளிவைப்பதையே அவர் சுட்டுகிறார். "எதைக் கண்டு இச்சொல்லைச் சொன்னீர்கள்?" என்று வினவுங்கள். விடையை எழுதிக்கொண்டு, அடுத்த முறை அத்தாளையும் எடுத்து வாருங்கள்.