ஹேண்டில்பார் ஆடுதா? டேம்பர் வாங்கும் முன் கோன் செட்டைப் பாருங்க!

தார் ரோடு முடிந்து ஜல்லி தொடங்கும் இடம். வேகம் 70 இருக்கும். முன் சக்கரம் ஒரு கல்லில் பட்டதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் இரண்டு விநாடியில் தானாக அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தால் கதை வேறு. பிடித்திருக்கும் கைகளை உதறிவிட்டு, ஒரு பக்கத்து லாக்கிலிருந்து மறுபக்கத்து லாக் வரை அடித்து, ஓட்டுபவரைத் தூக்கிப் போட்டுவிடும். இதற்கு 'டேங்க் ஸ்லாப்பர்' என்று பெயர். பெட்ரோல் டேங்கை இரண்டு பக்கமும் மாறி மாறி அறைவது போல ஹேண்டில்பார் ஆடுவதால் வந்த பெயர் அது.

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற பைக்குகள் வந்த பிறகு, வார நாளில் ஆபீஸ், லீவு கிடைத்தால் லடாக், ஸ்பிட்டி என்று கிளம்பும் கூட்டம் பெருகிவிட்டது. அவர்களில் பலருக்கு இந்த ஆட்டம் ஒரு முறையாவது அறிமுகமாகியிருக்கும். உடனே கிடைக்கும் அட்வைஸ், 'ஸ்டீயரிங் டேம்பர் போட்டுடுங்க ப்ரோ!'. டேம்பர் நல்ல பொருள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்க வேண்டிய வரிசையில் அதன் இடம் கடைசி. முதலிலேயே அதை மாட்டுவது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே வேலைக்குப் போவது மாதிரி.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று துடிக்கும். பைக்கின் முன் சக்கரத்துக்கும் அதே சுபாவம் உண்டு. சக்கரம் தரையைத் தொடும் இடம், ஸ்டீயரிங் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளியின் பெயர் 'டிரெயில்'. ஓடும்போது சக்கரத்தை நேராக இழுத்து வைப்பதில் முக்கியப் பங்கு இதற்குத்தான். டிரெயில் கூடினால் பைக் நேராக ஓட விரும்பும், திருப்புவது கனமாகும். குறைந்தால் சட்டென்று திரும்பும், கூடவே கொஞ்சம் பதற்றமும் வரும். பைக்கை வடிவமைக்கும் இன்ஜினீயர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அனுப்புகிறார். தேய்மானத்தாலும், சுமையாலும், நாம் மாட்டும் சாமான்களாலும் அந்தக் கணக்கு பிறகு குலைகிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கோன் செட். ஸ்டீயரிங் தண்டு சுழலும் பேரிங்கைத்தான் நம்ம ஊர் மெக்கானிக்குகள் இப்படிச் சொல்கிறார்கள். பள்ளம், கல், ஆற்றைக் கடப்பது, ஊருக்குத் திரும்பியதும் ஒரு வாட்டர் வாஷ் என ஆஃப்-ரோடு பைக்கில் அதிகம் அடிவாங்கும் பாகங்களில் இதுவும் ஒன்று. பிரஷர் தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகும். பள்ளங்களில் விழும் அடியில் பேரிங் தடத்தில் சின்னச் சின்னக் குழிகள் விழும். நாம் அதிக நேரம் நேராகத்தானே ஓட்டுகிறோம்? அதனால் குழிகள் சரியாக நடு நிலையில்தான் விழும்.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். சென்டர் ஸ்டாண்டோ ஜாக்கியோ போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அமுக்கிப் பிடித்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்ற விளையாட்டு தெரியக் கூடாது. அடுத்து, ஹேண்டில்பாரை நடுவிலிருந்து விரலால் லேசாகத் தட்ட வேண்டும். அது வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய வேண்டும். நடுவில் வந்து 'க்ளிக்' என்று உட்கார்ந்தால் அந்த கோன் செட்டுக்கு ஆயுசு முடிந்தது என்று பொருள். ஓட்டும்போது முன் பிரேக் பிடித்தால் 'டொக்' சத்தம் வருகிறது என்பதும் அதே குடும்பத்து அறிகுறிதான்.

இங்கேதான் டேம்பரின் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கோன் செட் லூஸாக இருக்கும் பைக்கில் டேம்பர் மாட்டினால் ஆட்டம் கையில் தெரியாது. பைக் சரியாகிவிட்டதாகத் தோன்றும். பேரிங் தொடர்ந்து தேயும். டேம்பரின் சக்திக்கு மீறிய ஒரு ஆட்டம், வேகம் அதிகமாக இருக்கும் ஒரு நாளில் வரும்.

பால் பேரிங்குக்குப் பதிலாக டேப்பர் ரோலர் பேரிங் போடுவது இந்தப் பட்டியலிலேயே காசுக்கேற்ற பலன் தரும் மாற்றம் என்று தாராளமாகச் சொல்லலாம். புள்ளியாகத் தொடும் குண்டுகளுக்குப் பதில் கோடாகத் தொடும் உருளைகள் என்பதால் அடி பரவலாக விழுகிறது, சீக்கிரம் குழி விழுவதில்லை. சில மாடல்களில் கம்பெனியே இதைத் தருகிறது. பொருத்தும்போது டைட் செய்வதில்தான் கைப்பக்குவம் வேண்டும். ஓவர் டைட் செய்தால் பைக் மெதுவாகப் போகும்போது பாம்பு மாதிரி நெளியும். பேலன்ஸுக்காக ஹேண்டில்பார் செய்ய வேண்டிய நுண்ணிய அசைவுகளைப் பேரிங்கே தடுத்துவிடுவதுதான் காரணம். மாட்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை டைட் பார்ப்பது அவசியம்.

அடுத்த குற்றவாளி, சுமை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்பும் பைக்கைப் பார்த்தால் தெரியும். இரண்டு பக்கமும் பெட்டி, மேலே டாப் பாக்ஸ், அதற்கும் மேல் டென்ட், போதாததற்குப் பின் சீட்டில் ஒரு ஆள். இத்தனையும் பின் சக்கரத்தின் தலையில். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன் சக்கரத்தின் பிடி லேசாகும். அந்த நிலையில் சக்கரம் ஆடுவதற்குப் பெரிய கல்கூட வேண்டாம். வெளிநாட்டுப் பெரிய அட்வெஞ்சர் பைக்குகளின் மேனுவலில், பெட்டி மாட்டினால் இந்த வேகத்தைத் தாண்டாதீர்கள் என்றே அச்சிட்டிருப்பார்கள். நம்மில் எத்தனை பேர் மேனுவலைத் திறந்திருக்கிறோம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்!

இதற்கான மருந்து பைக்கிலேயே இருக்கிறது. பின் சஸ்பென்ஷனின் 'ப்ரீலோடு' அட்ஜஸ்ட்மென்ட். ஓட்டுபவர், சுமை எல்லாம் ஏறிய பிறகு சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதற்கு 'சாக்' என்று பெயர். ஆஃப்-ரோடு பைக்கில் மொத்த டிராவலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குள் அது இருந்தால் நல்லது. ஹிமாலயன் 450-இன் பின் சக்கர டிராவல் 200 மி.மீ. அப்படியென்றால் 60 முதல் 65 மி.மீ. ஒரு டேப்பும் கூட ஒரு நண்பரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். ப்ரீலோடை முழுவதும் ஏற்றியும் பைக் அதைவிட அதிகமாக அமுங்கினால், அப்போது வாங்க வேண்டியது கனமான ஸ்பிரிங். உண்மையில் பயன் தரும் ஆஃப்டர்மார்க்கெட் பார்ட் அதுதான். முன் ஃபோர்க்குக்கும் இதே கதைதான். சுமைக்குத் தகுந்த ஸ்பிரிங்கும் புது ஃபோர்க் ஆயிலும் போட்டால் பாதிப் பிரச்னை தீரும். ஃபோர்க் ஆயில் என்று ஒன்று இருப்பதும் அது கெட்டுப்போகும் என்பதும் பல ஓனர்களுக்குச் செய்தியாகவே இருக்கும்.

இதே கணக்கில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு மாற்றம், உயரம் குறைப்பது. எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவின் சீட் உயரம் 891 மி.மீ. சராசரி உயரமுள்ளவருக்குக் கால் எட்டாது. இப்படிப்பட்ட பைக்குகளில் 'லோயரிங் லிங்க்' போட்டுப் பின்பக்கத்தை மட்டும் இறக்கிவிடுகிறார்கள். முன்பக்கத்தை அதற்கேற்ப இறக்குவதில்லை. விளைவு, காலி பைக்கே பின்னால் ஆள் உட்கார்ந்த மாதிரி நிற்கும். வேறு சிலர் ஃபோர்க்கை கிளாம்பில் மேலே தள்ளி முன்பக்கத்தை மட்டும் இறக்குகிறார்கள். டிரெயில் குறைந்து பைக் படபடக்கும். இறக்கினால் இரண்டு பக்கமும் சம அளவில் இறக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய சீட் போட்டுக்கொள்வது மேல்.

டயரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணில் நன்றாகப் பிடிக்கும் கட்டை டயர், தார் ரோட்டில் வேகமாகப் போகும்போது தானே ஹேண்டில்பாரை ஆட்டும். 2,000 கி.மீ. ஹைவேயில் போய் 200 கி.மீ. மண்ணில் ஓட்டுபவருக்கு அது தேவையா என்று யோசிக்கலாம். காற்றைக் குறைத்தால் மணலில் பிடி கூடும். ஆனால் டியூப் உள்ள டயரில் ரொம்பக் குறைத்தால் கல்லில் அடிபட்டு டியூப் பஞ்சராகும். தார் ரோடு வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். கையடக்க பம்பும் கேஜும் டேம்பரைவிடப் பல மடங்கு மலிவு.

சரி, டேம்பர் யாருக்கு?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கற்கள் நிறைந்த தடத்தில் வேகமாக, மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு. டாக்கார் ரேலி பைக்குகளில் டேம்பர் சர்வ சாதாரணம். 2024 டாக்காரில் ரேலி 2 பிரிவை வென்ற கேரளத்து வீரர் ஹரித் நோவா போன்றவர்கள் நாள் முழுக்க மணலிலும் பாறையிலும் ஓட்டுகிறார்கள். பக்கவாட்டில் ஒரு கல் அடிக்கும்போது அந்த உதறல் மணிக்கட்டுக்கு வராமல் டேம்பர் வாங்கிக்கொள்கிறது. கை சோர்வதில்லை, கடைசி ஒரு மணி நேரத்தில் தவறு நடப்பதும் குறைகிறது. அது செய்யும் வேலை எளிமையானது. உள்ளே இருக்கும் ஆயில் சின்னத் துளை வழியாகப் போக வேண்டும். மெதுவாகத் திருப்பினால் தடையில்லாமல் போகும், வெடுக்கென்று திரும்பினால் எதிர்க்கும். ஹேண்டில்பாரை நேராகக் கொண்டுவந்து வைக்கும் வேலையை அது செய்யாது. அது டிரெயிலின் வேலை.

குழாய் வடிவ லீனியர் டேம்பர், கிளாம்பின் மேல் உட்காரும் ரோட்டரி டேம்பர் என இரண்டு வகை உண்டு. ஆஃப்-ரோடுக்கு ரோட்டரி பொருத்தம். கீழே விழுந்தாலும் அடிபடும் இடத்தில் அது இருக்காது. நல்ல ரோட்டரி டேம்பர்களில் மெதுவான அசைவுக்கும் வேகமான அசைவுக்கும் தனித்தனி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும். இவை பல நூறு டாலர் விலையுள்ள இறக்குமதிச் சரக்கு. அந்தப் பைக்குக்கென்றே செய்த மவுன்ட் கிடைக்காவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. லோக்கல் வெல்டிங்கில் ஃப்ரேமின் தலைப்பகுதியைச் சூடேற்றி மவுன்ட் வைப்பது, ஆட்டத்தைக் குறைக்கப் போய் ஃப்ரேமைப் பலவீனப்படுத்தும் வேலை.

இன்னொரு பக்கம், சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். தேய்ந்த பேரிங்கையும் ஆயிலையும் மாற்றுவது பராமரிப்பு. ஃப்ரேமில் கை வைப்பது வேறு. மாற்றங்களை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னாளில் க்ளெய்ம் தலைவலியைத் தவிர்க்கும்.

இதில் கம்பெனிகள் மீதும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். 'அட்வெஞ்சர்' என்ற பெயரில் பைக்கை விற்று, கூடவே பெட்டி, கம்பி, லைட் என்று ஆக்சஸரீஸ் கேட்டலாக்கையும் நீட்டுகிறார்கள். பெட்டி மாட்டும் அன்றே வாடிக்கையாளரின் எடையைக் கேட்டு சாக் அளந்து, ப்ரீலோடை வைத்துக் கொடுப்பதை டெலிவரியின் ஒரு பகுதியாக்க எவ்வளவு நேரம் ஆகும்? கால் மணி நேரம். சாதாரண கம்யூட்டர் பைக்குக்கு இது தேவைப்படாமல் போகலாம். 200 மி.மீ. டிராவலும் முழு லக்கேஜும் உள்ள பைக்குக்கு இது அடிப்படை.

எவ்வளவு சரி செய்தாலும் என்றாவது ஒருநாள் ஆட்டம் வரலாம். அப்போது ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்ப்பதும் முன் பிரேக்கை அமுக்குவதும்தான் முதலில் தோன்றும். இரண்டுமே ஆட்டத்தை வளர்க்கும். முழங்காலால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைக்க வேண்டும். மணலில் முன் சக்கரம் இப்படியும் அப்படியும் அலைவது இயல்பு. அங்கே எழுந்து நின்று எடையைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொண்டு, அதை அதன் போக்கில் விட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் டேம்பர் வாங்கி மாட்டியிருந்தால், பைக்கை நிறுத்தி வைத்தே ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் இடிக்கக் கூடாது, கேபிள் இழுபடக் கூடாது. முதல் ரைடை மிகக் குறைந்த செட்டிங்கில் ஆரம்பித்து, ஒவ்வொரு க்ளிக்காக ஏற்ற வேண்டும். நடந்து போகும் வேகத்தில் பைக் நெளிகிறது என்றால் ஒரு க்ளிக் அதிகமாகிவிட்டது, திரும்பக் குறைக்க வேண்டும்.