சொகுசு எஸ்யூவி வாடகைக்கு வேண்டுமா? முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் திருவனந்தபுரம்தான் விமான நிலையம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவருக்கு, தங்கை கல்யாணத்துக்கு ஒரு பென்ஸ் ஜி-வேகனையோ டிஃபெண்டரையோ தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க ஆசை. நியாயமான ஆசைதான். வாட்ஸ்அப்பில் படம் வருகிறது, ஜிபேயில் முன்பணம் போகிறது, கார் பார்க்கிங்கில் சாவி கைமாறுகிறது. வண்டி பளபளவென்று நிற்கிறது, வெள்ளை நம்பர் பிளேட்டோடு.

அந்த வெள்ளைதான் வினை. சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரைப் பணத்துக்கு விடுவது குற்றம். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார் என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும்.

2024 டிசம்பர் 2 இரவு, ஆலப்புழை களர்கோட்டில் நல்ல மழை. 11 மருத்துவ மாணவர்கள் நெருக்கியடித்துப் போன டவேரா, கேரள அரசுப் பேருந்தில் மோதியது. ஐந்து பேர் அன்றே இறந்தார்கள். ஆறாவது மாணவர் சில நாளில் இறந்தார். அந்த வண்டி சட்டவிரோதமாக வாடகைக்கு விடப்பட்டது என்று மோட்டார் வாகனத் துறை சொன்ன பிறகுதான், இந்த வியாபாரத்தின் மேல் மாநிலத்தின் பார்வை விழுந்தது.

டவேரா சாதாரண வண்டி. ஆனால் ஜி-வேகன்களில் ஒன்றான மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜி 63-இன் எடை சுமார் இரண்டரை டன். சக்தி 577 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.5 நொடி போதும். கல்லாறு தாண்டி பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில், அன்றைக்குத்தான் சாவியை வாங்கியவர் கையில் இவ்வளவு பலம் இருப்பது பயமாக இருக்கிறது. கேரளத்தில் நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு 100, நகரத்துக்குள் 50 என்பதுதான் வேக வரம்பு.

இடித்துவிட்டால்? தனியார் கார் பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. ஒரு ஹெட்லைட்டின் விலையே லட்சங்களில் போகும் வண்டியில், அந்தச் செலவு யார் தலையில் விழும்? அபராதத்திலும் இதே சிக்கல்தான். 2018-இல் துபாயில் ஒரு சுற்றுலாப் பயணி வாடகை லம்போர்கினியில் சில மணி நேரத்தில் 33 முறை வேக கேமராவில் சிக்கினார். அபராதம் சுமார் 1.7 லட்சம் திர்ஹாம். முறையான வாடகைக் கம்பெனியிடம் எடுத்த வண்டிக்கே, யார் கட்டுவது என்று இழுபறி. வாட்ஸ்அப் பேச்சை மட்டும் நம்பி எடுத்தவர் எந்தத் தாளைக் காட்டுவார்?

பழி முழுவதையும் வண்டிக்காரர்கள் மேல் போடுவதும் சரியில்லை. மத்திய அரசின் 1989-ஆம் ஆண்டு வாடகைக் கார் திட்டப்படி, உரிமம் கேட்பவரிடம் குறைந்தது 50 கார்கள் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஐந்தே போதும். நாலைந்து சொகுசுக் கார் வைத்து நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவருக்குக் கதவே இல்லை. வெள்ளை பிளேட்டோடு திருட்டுத்தனமாகத்தான் விட முடிகிறது. கார்களுக்கும் ஐந்து என்று குறைத்து, முழுக் காப்பீட்டையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கட்டாயமாக்கலாம். அதிக சக்தியுள்ள வண்டியைச் சில ஆண்டாவது ஓட்டிப் பழகியவருக்கு மட்டுமே கொடுக்கச் சொல்லலாம். கேரள அரசு இதை டெல்லியிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

அதுவரை, முன்பணம் அனுப்பும் முன் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்சி எந்த வகை, காப்பீடு எதுவரை என்று தெரிந்துவிடும். வாடகைக்கான பாலிசியின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால், டிரைவரோடு மஞ்சள் பிளேட் இன்னோவா ஒன்றைப் பிடித்துக் கல்யாணத்துக்குப் போய்ச் சேருங்கள்.