மணம் பொய்க்கவில்லை, தோட்டங்கள்தாம் கூடவில்லை

மைசூரு மண்டி மொஹல்லாவின் பெயரிலேயே மொத்த வணிகம் குடியிருக்கிறது. எந்த மண்டியிலும் மாம்பழத்தின் தோலில் ஊசிமுனை அளவு வடு தென்பட்டால் விலை சரியும். அது பழ ஈ முட்டையிட்ட தடம். அறுத்தால் உள்ளே புழு நெளியும். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்திற்குத் தடை விதித்ததற்கும் பழ ஈக்களே முதன்மைக் காரணம்.

இதற்குத் தாவர மணத்தில் தீர்வு தேடலாம் என்பது புதிய செய்தியன்று. பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட், சிட்ரோனெல்லா எண்ணெயை நாடி ஆண் பழ ஈக்கள் திரள்வதை 1912இல் பதிவு செய்தார். அவற்றை ஈர்க்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்று 1915இல் காட்டினார். துளசியிலும் உள்ள பொருள்தான் அது.

நூறாண்டு கடந்தும் பழத்தில் புழு இருப்பது ஏன்? 'இன்னும் பல தாவரங்களை ஆராய வேண்டும்' என்பதே ஆய்வுத்துறையின் வழக்கமான விடை. விளைவாக ஒரு செடி, ஓர் எண்ணெய், ஒரு கண்ணாடித் தட்டு, 24 மணி நேரத்தில் மாண்ட பூச்சிகளின் அட்டவணை என ஆய்வேடுகள் குவிகின்றன. பட்டம் கிடைக்கிறது, தோட்டத்தில் ஒன்றும் மாறுவதில்லை.

குறை மணத்தில் இல்லை. மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களையே பிடிக்கும், முட்டையிடுவதோ பெண். ஓர் ஆண் பல பெண்களுடன் இணையும் ஆதலால், எஞ்சிய சில ஆண்களே இனத்தைப் பெருக்கப் போதும். அண்டைத் தோட்டத்தில் கருவுற்ற பெண் வேலி தாண்டி வந்து முட்டையிடும். ஒற்றை ஏக்கரில் தொங்கும் பொறி உழவரின் மனத்தை ஆற்றலாம், பழத்தைக் காவாது.

பசிபிக் கடலின் ரோட்டா தீவில் 1960களில் இதே பொருளைப் பூச்சிக்கொல்லியுடன் சேர்த்துத் தீவு முழுதும் பரப்பியே பழ ஈயை ஒழித்தனர். ஜப்பானின் தென்தீவுகள் 1986இல் அந்நிலையை எட்டின. பொருள் ஒன்றே, பரப்புதான் வேறு.

'அவை கடல் சூழ்ந்த தீவுகள்; இங்கே அது நடவாது' என்பர். முற்றொழிப்பு நடவாது என்பது மெய். ஆயினும் ஓர் ஊரின் தோட்டங்கள் அனைத்தும் காய் முதிருமுன்னே பொறி கட்டி, உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி அழித்தால் ஈக்களின் தொகையைக் குறைக்கலாம். உதிர்ந்த பழத்தின் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழுகிறது என்பதைப் பாடநூலே சொல்கிறது.

நேர்மையும் வேண்டும். பொறியின் மரக்கட்டையை எத்தில் ஆல்கஹால், மெத்தில் யூஜினால், மாலத்தியான் ஆகியவற்றின் 6:4:1 கலவையில் ஊறவைப்பதே வழக்கமான பரிந்துரை. இதனை 'முழு இயற்கை முறை' என்று மேடையில் முழங்குவது அறிவியலன்று, விளம்பரம்.

ஆகவே இன்றைய தேவை இன்னொரு எண்ணெயின் அட்டவணை அன்று. ஓர் ஊரில் எத்தனை தோட்டங்கள் இணைந்தால் சேதம் குறையும்? இணைய மறுக்கும் ஒருவரால் அண்டையார் இழப்பது எவ்வளவு? பொறியின் செலவை யார் ஏற்பது? இவற்றை 'பூச்சியியல் அன்று' என ஒதுக்கும் நெறியாளர்களே இத்துறையைத் தட்டுக்குள் அடைத்தவர்கள். தட்டை விட்டு எழுந்து தோட்டத்திற்குச் செல்லும் மாணவருக்கு ஆய்வேடு முடியக் கூடுதலாக இரு பருவங்கள் ஆகலாம். அக்காலத்தை அவருக்கு வழங்குவது பல்கலைக்கழகங்களின் கடமை.