திரும்பி வராத நினைவகம்

இயக்குதளப் பாடத்தில் நினைவகத்தை ஒதுக்குவது விரிவாகக் கற்பிக்கப்படுகிறது. விடுவிப்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. பெரும்பக்கங்களைப் பொறுத்தவரை இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

x86-64 செயலியில் அடிப்படைப் பக்கம் 4 கிலோபைட். பெரும்பக்கம் 2 மெகாபைட். 512 சிறு பக்கங்களுக்கு ஒரே முகவரிப் பெயர்ப்பு போதுமென்பதால் டி.எல்.பி. தவறுகள் குறைகின்றன, நிரல் விரைகிறது. 2011இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.38 இவ்வசதியை நிரலர் கேளாமலேயே வழங்கத் தொடங்கியது. கேளாமல் கொடுப்பதில் பிழையில்லை. கொடுத்ததைத் திரும்பப் பெறும்போதுதான் சிக்கல்.

ஒரு நிரல் தன் பெரும்பக்கத்தில் 511 சிறு பக்கங்களை விடுவிக்கிறது என்று கொள்வோம். பக்க அட்டவணையில் இணைப்பு உடனே அறுகிறது. ஆனால் எஞ்சிய ஒன்று பயன்பாட்டில் உள்ளதால் பெரும்பக்கம் முழுவதும் அப்படியே நிற்கிறது. பின்னர் பிளக்கப்பட வேண்டியவற்றின் வரிசையில் சேர்ந்து, நினைவக நெருக்கடி வரும்வரை காத்துக் கிடக்கிறது. நிரலின் கணக்கில் நினைவகம் குறைந்துவிட்டது. கணினியின் கணக்கில் குறையவில்லை. இதனினும் வியப்பு, கேஹியூஜ்பேஜ்டி என்னும் பின்னணி இழையின் போக்கு. ஒரு பெரும்பக்கத்தைக் கட்டுகையில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கலாம் என்பதற்கு அது கொண்டுள்ள இயல்பு அளவு 511. ஒரேயொரு சிறு பக்கம் இருந்தாலும், மற்ற இடங்களைச் சுழியத்தால் நிரப்பி மீண்டும் பெரும்பக்கமாக்க அதற்கு உரிமையுண்டு. நிரல் வாசலில் எறிந்ததைக் கெர்னல் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவந்து வைக்கிறது! தரவுத்தள நிருவாகிகள் பலர் இவ்வசதியையே அணைத்துவிடுவதில் வியப்பென்ன?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் இணைந்த ஹாக்ஐ ஆய்வு, பெரும்பக்கத்துக்குள் சுழியம் மட்டுமே கொண்ட சிறு பக்கங்களைக் கண்டறிந்து மீட்கும் வழியை 2019இலேயே காட்டியது. லினக்ஸின் முதன்மைக் கெர்னலில் இதையொத்த ஏற்பாடு 2024இல், 6.12 பதிப்பில்தான் இடம்பெற்றது.

இந்நிலையிலும் பெரும்பக்கங்கள் பற்றிய மாணவர் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஓட்ட நேரத்தையே அளக்கின்றன. அது பாதி அளவீடு. நிரல் தன் நினைவகத்தை விடுவித்துச் சற்று நேரம் கழிந்தபின் கணினியில் காலியாக இருப்பது எவ்வளவு என்ற வரைபடமும் உடன் இருக்க வேண்டும். அவ்வளவீட்டின்போது 'ஆல்வேஸ்', 'மேட்வைஸ்', 'நெவர்' ஆகிய மூன்று அமைப்புகளில் எது நடப்பிலிருந்தது என்பதும் சொல்லப்பட வேண்டும். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்கும் தேர்வாளர் இன்னும் அரிதாகவே இருக்கிறார்.